சுட்ட அன்னாசிச் சல்சா: தோட்டத்து வீட்டு முற்றத்தில் செய்ய முழு வழிகாட்டி

பார்பெக்யூ அடுப்பில் கோழியும் மீனும் போடுகிற இடத்தில் அன்னாசியைப் போட்டால் கேள்வி வரத்தான் செய்யும். "பழத்தை அப்படியே தின்னாம, நெருப்புல போட்டு ஏன்டா வதைக்கிறீங்க?" என்று கேட்காத பெரியம்மா மலேசியாவில் எங்கள் ஜொகூர் மாநிலக் குளுவாங் பக்கம் இல்லை. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நன்றாகக் கனிந்த பழத்தைச் சுட்டால் கூழாகும், வாசனை போகும், இனிப்பு திகட்டும். சுடுவதற்கென்று ஒரு பக்குவம் பார்த்துப் பழம் எடுக்க வேண்டும். சுட வேண்டியதை மட்டும் சுட்டு, மீதியைப் பச்சையாகவே விட வேண்டும். பாதி நெருப்பு, பாதி பச்சை: கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான். முழுவதையும் சுட்டால் ஜாம். எதையுமே சுடாவிட்டால் வெறும் பழக் கலவை.

சல்சா மெக்சிகோக்காரர்களின் தொடுகறி. தக்காளி, மிளகாய், வெங்காயம், பூண்டு இவற்றை 'கொமால்' என்ற தட்டைக் கல்லில் கருகச் சுட்டு, எரிமலைக் கல்லில் செதுக்கிய உரலில் இடித்துச் சேர்ப்பது அங்கே பழைய முறை. தோசைக்கல்லும் அம்மியும் உள்ள வீட்டுக்கு இதில் புதிதாக வாங்க ஒன்றும் இல்லை. பொருள்களும் அந்நியமில்லை. அன்னாசி, மிளகாய், தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை. நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய கித்தா (ரப்பர்) மரமும் அதே வழியில் வந்ததுதான். 1876இல் பிரேசிலிலிருந்து விதை லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. 1877இல் அங்கு முளைத்த கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. கன்று பால் கொடுக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாம் என்று இடைப்பயிராக நட்டது அன்னாசி. கித்தா போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்த பிறகும் ஜொகூரில் அன்னாசி போகவில்லை. நாட்டிலேயே அதிகம் விளைவது இங்கேதான். பொந்தியான், சிம்பாங் ரெங்கம் பக்கத்துக் கறுத்த சதுப்பு மண்ணில் வேறு பயிர் தயங்கும், அன்னாசி தயங்காது. அதனால்தான் இந்த வழிகாட்டிக்கு அன்னாசி தலைப்பழம், மற்றவை துணை.

பழம் தேர்வு

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். அவசரப்படாமல் படியுங்கள்.

அன்னாசி பறித்த பிறகு இனிப்பு ஏறாது. மாம்பழம், வாழைப்பழம்போல வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கலாம் என்று எண்ணி வாங்காதீர்கள். வைக்க வைக்கத் தோல் மஞ்சளாகும், சதை இளகும், அவ்வளவுதான். புளிப்பு புளிப்பாகவே நிற்கும். அடிப்பக்கத்தை மூக்கருகே கொண்டு போங்கள். இலேசான வாசனை வர வேண்டும், புளித்த கள் வாடை வரக் கூடாது. கையில் தூக்கினால் உருவத்துக்கு மீறின கனம் இருக்க வேண்டும். அடியில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மஞ்சள் ஏறி, மேலே பச்சை நிற்கிற பழம் சுடுவதற்குச் சரி. நடு இலையை இழுத்துப் பார்ப்பது கடைக்காரரைக் கடுப்பேற்றுவதற்குத்தான் உதவும். அதை நம்பி நான் வாங்குவதில்லை.

நம் ஊரில் கிடைக்கிற இரகங்களில் எனக்கு முதல் தேர்வு மோரிஸ். சிறியது, சதை இறுகியது, புளிப்பு தூக்கல். நெருப்பில் பட்டதும் புளிப்பும் இனிப்பும் ஒரு சமத்துக்கு வரும். அடுத்தது ஜோசபின். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிலையமான மார்டி 1996இல் வெளியிட்ட இரகம் இது. சதை நல்ல ஆழ்ந்த மஞ்சள், வாசனை தாராளம். சற்று முன்பக்குவத்தில் எடுத்தால் சல்சாவுக்கு அருமை. எம்.டி.2 இப்போது சூப்பர் மார்க்கெட்டுகளில் எங்கும் கிடைக்கிறது. வெட்டித் தின்ன அதை அடிக்க ஆளில்லை. ஆனால் புளிப்பு குறைவு, சர்க்கரை அதிகம். நெருப்பில் சீக்கிரம் கருகும், எலுமிச்சையைக் கூட்டிப் போட வேண்டிவரும். எம்.டி.2 மட்டும்தான் கிடைத்தது என்றால் செய்யாமல் விட வேண்டாம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாம்பழம் செங்காய்ப் பக்குவத்தில் வேண்டும். விரலால் அழுத்தினால் இலேசாக மட்டும் அமுங்க வேண்டும். சொக்கனான் நல்லது, ஆண்டில் பெரும்பகுதி கிடைக்கும். பெர்லிஸ் ஹாருமானிஸ் ஏப்ரல் முதல் ஜூன் வரை வரும். அந்த விலைக்கு அந்தப் பழத்தை நெருப்பில் போட எனக்கு மனம் வராது. வீட்டு வேலியோரம் காய்க்கிற நார் மாங்காய் இருந்தால் அதை எறிய வேண்டாம். பச்சையாகச் சேர்க்கிற பாதிக்கு அதன் புளிப்பு உதவும். காம்பில் வடிகிற பால் தோலில் பட்டால் எரிச்சல், புண் வரும். காம்பை நறுக்கிக் கவிழ்த்துவைத்து, பால் வடிந்ததும் கழுவிவிட்டுத் தோல் சீவுங்கள்.

கொய்யாவைப் பச்சையாகவே சேர்ப்பேன். விதையில்லாத பெரிய கொய்யாவின் மொறுமொறுப்பு சுட்ட அன்னாசியின் மென்மைக்கு எதிரே நிற்கும். பப்பாளியைச் சுடலாம், ஆனால் அதன் வாசனை சூட்டில் மங்கிப்போகிறது. பலாச்சுளை ஒரு நல்ல இரகசியம். ஜே33 மாதிரி இறுகிய சுளையைக் கொட்டை நீக்கிச் சுட்டால் ஓரமெல்லாம் பாகு மாதிரி ஆகும், தனியாகவே தின்னலாம். தர்பூசணி, டிராகன் பழம் இரண்டும் தண்ணீர். சல்சாவில் போட்டால் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும்.

நட்சத்திரப் பழம் பற்றி ஓர் எச்சரிக்கை. மொறுமொறுப்புக்காகப் பலர் அதைச் சேர்ப்பார்கள், நன்றாகவும் இருக்கும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு, குறிப்பாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, அந்தப் பழம் உயிருக்கே ஆபத்து. விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். விருந்துக்கு வருகிற எல்லோருடைய உடல்நிலையும் நமக்குத் தெரியாது. அதனால் பொதுக் கிண்ணத்தில் நான் அதைப் போடுவதில்லை.

வேண்டிய பொருள்கள் (ஆறு முதல் எட்டுப் பேருக்கு)

அன்னாசி நடுத்தர அளவில் ஒன்று. தோலும் கண்ணும் போக ஏறக்குறைய பாதி எடைதான் மிஞ்சும்.
செங்காய் மாம்பழம் இரண்டு.
கொய்யா பெரியது பாதி.
தக்காளி இரண்டு, கெட்டியானது.
சிவப்பு மிளகாய் நான்கு. சிலி பாடி (சின்னஞ்சிறு காரமிளகாய்) இரண்டு, காரம் பிடித்தவர்களுக்கு நான்கு.
சின்ன வெங்காயம் பத்து.
பூண்டு ஐந்து பல், தோலோடு.
லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) ஆறு முதல் எட்டு. கிடைக்காவிட்டால் சாதாரண எலுமிச்சை இரண்டு.
கொத்தமல்லி ஒரு கைப்பிடி, புதினா சில இலைகள்.
உப்பு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக.
தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, தடவ மட்டும்.
புங்கா கந்தான் (இஞ்சி இனத்துப் பூ) மொட்டு பாதி, விருப்பம் இருந்தால்.

கந்தான் மெக்சிகோவில் கிடையாது. ரோஜாக் என்ற பழக் கலவையில் அதை மென்று வளர்ந்த நாக்குக்கு அன்னாசியோடு அது இல்லாவிட்டால் ஏதோ குறைவது மாதிரி இருக்கும், அதனால் சேர்த்திருக்கிறேன். பெலாச்சானை (இறால் விழுது) சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்த்தால் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சிட்டிகை போட்டாலும் மற்ற எல்லா வாசனையையும் விழுங்கிவிடும், பிறகு அது மிளகாய் அரைத்த சம்பால். சம்பால் வேண்டும் என்றால் சம்பாலே அரைத்துவிடலாம்.

கரியும் நெருப்பும்

பழத்துக்குக் கொழுப்பு இல்லை. கோழித் தோலிலிருந்து எண்ணெய் சொட்டி நெருப்பு எழுமே, அந்த வம்பு இங்கே இல்லை. ஆனால் பழம் புகை வாடையைக் கோழியைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்த நெருப்பில் சுட்ட அன்னாசி கடைசி வாய் வரை மண்ணெண்ணெய்தான். காய்ந்த தேங்காய் மட்டை நாரையோ, சமையல் எண்ணெயில் நனைத்த டிஷ்யூ காகிதத்தையோ கரிக்கு அடியில் வைத்துப் பற்றவையுங்கள்.

கரிக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. பேராக் கோலா செப்பெத்தாங் சூளைகளில் பக்காவ் என்ற சதுப்புநில மரத்தை எரித்துச் செய்கிற கரி ஒன்று. மாத்தாங் சதுப்புக் காட்டில் முறை வைத்து வெட்டி, முப்பது ஆண்டு வளரவிட்டு மறுபடி வெட்டுகிற மரத்திலிருந்து வருவது. கனமாக இருக்கும், நீண்ட நேரம் நிற்கும். இன்னொன்று கொட்டாங்கச்சிக் கரி. சூடு பலமாக, புகை குறைவாக எரியும். கரியாகாத வெறும் கொட்டாங்கச்சியைப் போட்டால் முதலில் கொழுந்துவிட்டு எரிந்து கரும்புகை கக்கும். அது அடங்கிக் கங்காகும்வரை பழத்தைக் கிட்டே கொண்டு போகக் கூடாது.

மரச்சாமான் தொழிற்சாலைகளில் கழித்துப் போடுகிற கித்தாப் பலகைத் துண்டுகள் எங்கள் பக்கம் இலவசமாகவே கிடைக்கும். அவற்றை அடுப்பில் போடாதீர்கள். பூச்சி அரிக்காமல் இருக்கக் கித்தாப் பலகையைப் போரான் கலந்த மருந்தில் ஊறவைப்பது வழக்கம்; பசையும் வார்னிசும் வேறு இருக்கும். சாப்பாட்டுக்குக் கீழே எரிக்கிற பொருளே இல்லை அது.

அடுப்பு எதுவானாலும் சரி. குச்சியில் கோர்த்து இறைச்சி சுடுகிற நீளச் சாத்தே அடுப்பு, பாதியாக அறுத்த எண்ணெய் டிரம், நான்கு செங்கல் அடுக்கி மேலே கம்பிவலை. கரியை ஒரு பக்கம் குவித்து, மறுபக்கம் மெல்லப் பரப்புங்கள். ஒரு பக்கம் கடும் சூடு, மறுபக்கம் மிதமான சூடு கிடைக்கும். கரி முழுக்கச் சாம்பல் பூத்து வர இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். சூட்டைக் கையாலேயே அளக்கலாம். கம்பிக்கு நான்கு விரற்கிடை மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். இரண்டு மூன்று விநாடியில் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றினால் கடும் சூடு. ஐந்து விநாடி தாங்கினால் மிதம். பழத்துக்குக் கடும் சூடுதான் வேண்டும்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பழத்தின் மேலே ஈரம் இருக்கும்வரை அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றிய பிறகுதான் சர்க்கரை நிறம் மாறும்; பழச்சர்க்கரைக்கு 110 டிகிரி போதும், சாதாரணச் சர்க்கரைக்கு 160 வேண்டும். மெல்லிய சூட்டில் மேற்புறம் காய்வதற்குள் உள்ளே வெந்து சாறு விட்டுவிடும், அந்தச் சாறு மறுபடி மேற்புறத்தை நனைக்கும். இப்படியே பழம் அவிந்துபோகும், கோடு விழாது. கடும் சூட்டில் மேலே சட்டென்று காய்ந்து கருகும், உள்ளே இன்னும் பச்சை வாசனை நிற்கும்.

சாயங்காலம் மழை கொட்டினால் என்ன செய்வது என்று ஜொகூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று மட்டும். எரிகிற கரி அடுப்பை வீட்டுக்குள்ளேயோ மூடிய காரேஜுக்குள்ளேயோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். மழை என்றால் இரும்புத் தோசைக்கல்லைக் கேஸ் அடுப்பில் புகை வரக் காயவைத்து அதிலேயே சுடுங்கள். புகை வாசம் வராது, மற்ற எல்லாம் வரும்.

வெட்டும் முறை

அன்னாசியின் தலையையும் அடியையும் நறுக்கி, நிமிர்த்திவைத்து, தோலை மேலிருந்து கீழாகச் சீவுங்கள். கண்கள் சாய்வான வரிசையில் இருப்பது அப்போது தெரியும். பழக்கடைக்காரர்கள் செய்வதுபோல அந்த வரிசையிலேயே இருபுறமும் சாய்வாகக் கத்தி ஓட்டிக் கண்களை எடுத்தால் சதை வீணாகாது. வட்டமாகச் சுட வேண்டாம். சின்ன வட்டங்கள் கம்பியில் வழுக்கும். பழத்தை நீளவாக்கில் எட்டாகப் பிளந்து, நடுத்தண்டை நீக்கி, ஒவ்வொரு பிளவையும் ஒன்றரை சென்டிமீட்டர் கனத்துக்கு வையுங்கள். இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நெருப்புக்கு, ஒரு பங்கு பச்சைக்கு.

அன்னாசியை வெட்டியதும் உப்புத் தண்ணீரில் போடுவது நம் வீடுகளில் பழக்கம், நாக்கு அரிக்காமல் இருக்க. சுடப் போகிற துண்டுகளை இன்றைக்கு அப்படிப் போட வேண்டாம். தண்ணீர்தான் நமக்கு எதிரி. பச்சையாக விடுகிற பங்கை மட்டும் போட்டு எடுத்து, வடித்துத் துடைக்கலாம். சுடுகிற துண்டுகளைச் சுத்தமான துணியிலோ டிஷ்யூவிலோ ஒற்றியெடுத்துத் தட்டில் பரப்பி, காற்றாட பத்து நிமிடம் விடுங்கள்.

மாம்பழத்தைத் தோல் சீவாமல் கொட்டையின் இருபுறமும் இரண்டு கன்னமாக அறுங்கள். சதைப்பக்கம் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள், தோல் அறுபடாமல். தோலே பிடிமானம், தோலே கவசம். ஒரு மாம்பழம் நெருப்புக்கு, ஒன்று பச்சைக்கு.

சின்ன வெங்காயத்தில் பாதியைத் தோலோடு சாத்தே குச்சியில் கோர்த்துவிடுங்கள், பூண்டையும் அப்படியே. குச்சியை அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் சீக்கிரம் எரியாது. மீதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, ஒரு லிமாவ் கஸ்தூரி பிழிந்து ஊறவையுங்கள். காட்டம் இறங்கும், இளஞ்சிவப்பு ஏறும்.

மிளகாய் நறுக்குமுன் கையில் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். காரப்பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால்தான் வெறும் தண்ணீரில் கழுவிய கை மறுபடி கண்ணில் பட்டதும் எரிகிறது. வேலை முடிந்ததும் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவினால் காரமும் சேர்ந்து போகும்.

சுடுதல்

முதலில் கம்பியைச் சுத்தமாகத் தேய்த்து, பாதியாக அறுத்த ஒரு வெங்காயத்தை முட்கரண்டியில் குத்தி எண்ணெய் தொட்டுக் கம்பி மேலே இழுங்கள். நேற்றைய மீன் வாடை இருந்தால் அன்னாசி காட்டிக்கொடுத்துவிடும்.

மிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு முதலில் போக வேண்டும், மிதமான பக்கத்தில். சிவப்பு மிளகாயில் ஊசியால் ஒரு குத்து குத்துங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும். காற்று வருகிற திசையில் நில்லுங்கள். மிளகாய்ப் புகை நெஞ்சில் ஏறினால் விருந்தே இருமலில் முடியும். மிளகாயின் தோல் கொப்பளித்துக் கறுக்க ஐந்தாறு நிமிடம், தக்காளி வெடித்துச் சாறு கசிய எட்டு நிமிடம், பூண்டு குச்சியில் மெத்தென்று ஆகப் பத்து நிமிடம். மிளகாயை எடுத்ததும் ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி ஐந்து நிமிடம் வையுங்கள். தன் ஆவியிலேயே தோல் கழன்றுவரும். கறுத்த தோலை முழுக்க எடுக்க வேண்டாம், அங்கங்கே சில செதில் இருக்கட்டும். முழுக்க விட்டால் கசப்பு.

இப்போது அன்னாசி. துண்டுகளில் தேங்காய் எண்ணெயை விரலால் தடவினால் போதும், சொட்டக் கூடாது. கடும் சூட்டுப் பக்கத்தில் இடைவெளி விட்டு அடுக்குங்கள். பிறகு தொடாதீர்கள். பார்பெக்யூ அடுப்பருகே நிற்கிற ஆண்களுக்கு இடுக்கி கையில் இருந்தால் சும்மா இருக்க வராது, புரட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். மேற்புறம் காய்ந்து நிறம் ஏறியதும் தானாக விடும். மூன்று நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பழுப்புக் கோடும், ஓரங்களில் பொட்டுப் பொட்டாகக் கறுப்பும் தெரிந்தால் திருப்பலாம். அடுத்த பக்கம் இரண்டு நிமிடம் போதும். வாசனையைக் கவனியுங்கள்: புளித்த வாசனை மாறி வெல்லப்பாகு வாசனை வரும். அதைத் தாண்டி எரிந்த சர்க்கரை நெடி வந்தால் நேரம் கடந்துவிட்டது.

சூடு இன்னொரு வேலையும் செய்கிறது. அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும்; நாக்கு அரிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. சுட்டால் அது செயலிழந்துவிடும். ஆட்டுக்கறி மெத்தென்று ஆகப் பச்சைப் பப்பாளி போடுகிறோமே, அங்கே வேலை செய்வது இதே வகை நொதிதான். நம் கிண்ணத்தில் பச்சை அன்னாசியும் கொஞ்சம் இருப்பதால், சல்சாவை இறால் மேலேயோ மீன் மேலேயோ ஊற்றி நெடுநேரம் வைக்காதீர்கள். மேற்பரப்பு மாவாகும். தட்டில் பரிமாறும்போது மேலே போடுங்கள்.

மாம்பழக் கன்னங்களைக் கடைசியில், சதைப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். இரண்டு நிமிடம் போதும். தோல் பக்கம் திருப்ப வேண்டியதே இல்லை. பலாச்சுளை இருந்தால் அதுவும் இதே நேரம், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள், கண் சிமிட்டுவதற்குள் கருகும்.

இடித்தல், சேர்த்தல்

சுட்ட பூண்டு, தோல் உரித்த சுட்ட வெங்காயம், மிளகாய், உப்பு. இவற்றை அம்மியிலோ இடிகல்லிலோ கொரகொரப்பாக நசுக்குங்கள். தக்காளியைத் தோல் உரித்து அதோடு நசுக்கினால் சாறு கட்டும். பிறகு சுட்ட அன்னாசியில் இரண்டு துண்டை மட்டும் போட்டு ஒரு இடி. இதுதான் மற்ற எல்லாவற்றையும் பிணைக்கிற குழம்பு. பிளெண்டர் வேண்டாம். அது காற்றை அடித்து நுரையாக்கி, சிவப்பை வெளுத்த ஆரஞ்சாக்கிவிடும். கடித்துத் தின்ன வேண்டியது குடிக்க வேண்டியதாகிவிடும். கல்லே இல்லாத வீடு என்றால் கத்தியால் பொடியாகக் கொத்தி, கரண்டி முதுகால் மசியுங்கள்.

சுட்ட பழத்தை உடனே வெட்டாதீர்கள். கைபொறுக்கும் சூடு வரும்வரை தட்டில் பரப்பி விடுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல். பிறகு சுண்டுவிரல் நக அளவுக்கு வெட்டுங்கள். பச்சை அன்னாசி, சுடாத மாம்பழம், கொய்யா மூன்றும் அதைவிடச் சற்றுச் சின்னதாக. ஒரே அளவில் வெட்டினால் பச்சைத் துண்டு மட்டும் வாயில் முந்திக்கொண்டு நிற்கும்.

கிண்ணத்தில் முதலில் இடித்த குழம்பு, மேலே சுட்ட பழம், பச்சைப் பழம், ஊறிய வெங்காயம், பொடியாக நறுக்கிய சிலி பாடி. லிமாவ் கஸ்தூரியைக் கொட்டை விழாமல் வடிகட்டிப் பிழியுங்கள். கொட்டையைக் கடித்தால் கசக்கும். முதலில் நான்கு, சுவைத்துப் பார்த்து மீதி. கந்தான் மொட்டின் வெளி இதழ் இரண்டு மூன்றைக் கழித்துவிட்டு, உள்ளிதழ்களை நூலாக நறுக்கிப் போடுங்கள். கொத்தமல்லியும் புதினாவும் முழுக்க ஆறிய பிறகுதான். சூட்டில் போட்டால் கறுத்துத் துவளும்.

கால்மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி ருசி பாருங்கள். இனிப்பு தூக்கினால் எலுமிச்சை. புளிப்பு தூக்கினால் உப்பு, சர்க்கரை இல்லை. ஒரு சிட்டிகை உப்பு புளிப்பின் முனையை மழுக்கும். இரண்டும் போட்டும் ஒட்டாமல் நின்றால் சுட்ட பழம் குறைவு என்று அர்த்தம், இன்னும் இரண்டு துண்டை அடுப்பில் போடுங்கள், கங்கு இன்னும் இருக்கும். உப்பைக் கூடுதலாக முன்கூட்டியே போட்டால் பழத்திலிருந்து தண்ணீர் இறங்கும். அதனால்தான் முதலில் குழம்புக்கு மட்டும் உப்பு, மீதி பரிமாறும் நேரத்தில்.

எதோடு சாப்பிடுவது

வாழையிலையில் சுற்றிச் சுட்ட திருக்கை, மஞ்சள் உப்பு தடவிச் சுட்ட கெம்போங் மீன், இரண்டுக்கும் இதைவிடப் பொருத்தம் கிடையாது. கோழிக்குப் பரவாயில்லை, மசாலா காரமாக இருந்தால் சல்சாவில் சிலி பாடியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆட்டு வறுவலோடு ஒரு கரண்டி வைத்தால் நெய்ச்சுவையை வெட்டும். புரட்டாசி மாதம் என்றால் சுட்ட தௌஹு (சோயாக் கட்டி), பொரித்த தெம்பே (புளிக்கவைத்த சோயா). தீபாவளித் திறந்த இல்லத்தில் அப்பளமோ, மீன் அப்பளமான கெரோப்போக்கோ பக்கத்தில் வைத்துவிடுங்கள், பிள்ளைகள் அள்ளித் தின்பார்கள். அவர்களுக்கென்று சிலி பாடி போடாத சின்னக் கிண்ணம் ஒன்று தனியாக எடுத்துவைக்க மறக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு எடுப்பது நல்லது: சுடும்போது நீர் குறைந்து சர்க்கரை செறிவாகிறது, கரண்டிக்குக் கரண்டி கணக்கு ஏறும்.

முன்கூட்டிச் செய்வதும் மிச்சமும்

விருந்து மாலை என்றால் காலையிலேயே சுட்டு, இடித்து, குளிர்பெட்டியில் தனித்தனியாக வைக்கலாம். பச்சைப் பழத்தையும் இலைகளையும் பரிமாறுவதற்கு அரைமணிக்கு முன் சேர்த்தால் போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் பரிமாறாதீர்கள். சில்லென்று இருந்தால் புகை வாசம் தெரியாது. ஆனால் நம் வெயிலில் மேசை மேல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. பெரிய கிண்ணத்தை வெளியே வைப்பதைவிடச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து எடுத்து நிரப்புவது நல்லது.

மிச்சமானது கண்ணாடிப் போத்தலில் இரண்டு நாள் தாங்கும். அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரித்துச் சுவையைக் கெடுக்கும். இரண்டாம் நாள் கொய்யாவின் மொறுமொறுப்பு போயிருக்கும், இலை கறுத்திருக்கும். அதைச் சல்சா என்று யாருக்கும் கொடுக்க வேண்டாம். வாணலியில் எண்ணெய் காயவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, மிச்சத்தை அப்படியே கொட்டி, ஒரு துண்டு குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) போட்டுச் சுண்டவிடுங்கள். பத்து நிமிடத்தில் சோற்றுக்கு அன்னாசிப் பச்சடி.